மேடையில் கிட்டார் மக்கர் பண்ணினால்: உப்புக்காற்று ஊர்களுக்கான பிழை நீக்கும் வழி

வைகாசி மாதம், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சு. முதல் பாட்டுக்கு நான் கம்பியை மீட்டுகிறேன், ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. மைக்செட் அண்ணன் கீழே இருந்து கை காட்டுகிறார்: "தம்பி, கிட்டாரு செத்துப்போச்சுப்பா!" பேட்டரியை மாற்றினோம், மிக்ஸரில் சேனலை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அவசரத்தில் கீபோர்டுக்காரர் பையிலிருந்து நான் எடுத்து மாட்டியது ஸ்டீரியோ கேபிள். கிட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பாம்பன் முதல் தொண்டி வரை இந்தக் கரையில் வாசித்துக்கொண்டிருப்பதால், கூட வாசிக்கிற பையன்களின் கிட்டார்களும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேரும். அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல் கேபிள், பேட்டரி, ஜாக் (கேபிள் செருகும் துளை) இந்த மூன்றில் ஒன்றாகவே இருந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி உப்பு செய்த வேலை. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. இரும்பை உப்புக்காற்று தின்று, 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவதே நின்றுபோனது. அந்தக் காற்றில்தான் நாம் மெல்லிய பித்தளையும் ஈயப் பற்றுமாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

கீழே சொல்வதெல்லாம் பிரிட்ஜுக்கு (வயிற்றில் கம்பிகளைக் கட்டும் மரத்துண்டு) அடியில் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பட்டை), பக்கவாட்டில் பேட்டரி போடும் ப்ரீஆம்ப்பும் (அதை ஏற்றி வெளியே அனுப்பும் சின்னப் பெட்டி) உள்ள கிட்டாருக்கு. கடையில் இதைச் செமி அக்கூஸ்டிக் என்பார்கள். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

கோளாறு 1: சத்தமே வரவில்லை

முதலில் கேபிளின் நுனியைப் பாருங்கள். உலோக முனையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ. இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, அது கிட்டாருக்கு ஆகாது. மோனோ முனை உள்ளே போகும்போதுதான் ஜாக்குக்குள் பேட்டரியின் சுற்று மூடி ப்ரீஆம்ப் உயிர் பெறும். ஸ்டீரியோ முனையில் அந்த இணைப்பு நடக்காது.

கேபிள் சரியென்றால், ப்ரீஆம்ப்பில் உள்ள ட்யூனரை அழுத்துங்கள். அது எரியவில்லையா? பேட்டரி. மங்கலாக எரிகிறதா? அதுவும் பேட்டரிதான். மல்டிமீட்டர் இருந்தால் 9 வோல்ட் பேட்டரி புதிதில் 9-க்கு மேல் காட்டும். ஏழரைக்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கேபிளை ஜாக்கில் செருகியபடியே கிட்டாரை உறையில் போட்டுவிட்டுப் போனால், இரவு முழுக்கப் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். காலைப் பூசைக்கு வாசிக்கப் போகும்போது செத்திருக்கும். ஆலயத்துக் குழுவில் ஒரு தம்பிக்கு மாதம் இரண்டு பேட்டரி போய்க்கொண்டிருந்தது, காரணம் இவ்வளவுதான்.

பேட்டரி புதிது, ட்யூனர் எரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் வேறொரு கேபிள், வேறொரு சேனல். அப்புறம் மிக்ஸரில் அந்தச் சேனலின் மியூட் பட்டன். சிரிக்காதீர்கள், நானே இதில் மாட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் தாண்டியும் அமைதி என்றால், உள்ளே ஒயர் விட்டிருக்கிறது. ஒலித்துளை வழியே மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கிலிருந்து ஒரு ஒயர் தொங்கினால் பற்ற வைத்தால் போதும். இதற்கு மதுரைக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் ஊர் டிவி மெக்கானிக்கே பத்து நிமிஷத்தில் செய்வார். எந்த ஒயர் எந்தக் காலில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒயர் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் ப்ரீஆம்ப் போர்டு போயிருக்கலாம். அது கிட்டார் சர்வீஸ்காரர் வேலை.

கோளாறு 2: விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது

கேபிளைச் செருகி, முனையை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்து வந்து போனால் கேபிளா ஜாக்கா என்று பிரிக்க வேண்டும். இன்னொரு கேபிளை மாட்டி அதே மாதிரி ஆட்டுங்கள். சரியாகிவிட்டால் பழைய கேபிளைக் குப்பையில் போடுங்கள். ஒட்டுப்போட்ட கேபிளை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள், அது பாட்டின் நடுவில்தான் விடும்.

இரண்டு கேபிளிலும் கரகரத்தால் ஜாக். நம் பக்கத்தில் இதற்கு முதல் காரணம் பச்சை. ஜாக்கின் வாயில் டார்ச் அடித்தால் உள்ளே செம்பில் களிம்பு ஏறியதுபோலப் பச்சை படிந்திருக்கும். எலெக்ட்ரானிக் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும். ஒரு பீச்சு அடித்து, கேபிளைப் பத்துப் பதினைந்து தடவை உள்ளே வெளியே செருகி எடுங்கள். முனையில் கறுப்பாக ஒட்டி வருவதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். பைக் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இங்கே அடிக்காதீர்கள். அன்றைக்குச் சரியானதுபோல இருக்கும், ஆனால் எண்ணெய்ப் பசையில் மணலும் தூசியும் ஒட்டி அடுத்த மாதம் இன்னும் மோசமாகும்.

வால்யூம், டோன் திருகும்போது மட்டும் கரகரத்தாலும் இதே மருந்துதான்: திருகியின் இடுக்கில் கொஞ்சம் அடித்து, முழுசாக இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள்.

அடுத்து ஜாக் ஆடுகிறதா என்று பாருங்கள். வெளியே உள்ள நட்டு தளர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் ஜாக்கோடு சேர்ந்து உள்ளே ஒயரும் முறுக்கிக்கொள்ளும், ஒருநாள் அறுந்தே விடும். இறுக்கும்போது இரண்டு கை வேண்டும்: வார் மாட்டும் குமிழுக்கு உள்ளே இருக்கிற ஜாக் குழாயில் சின்னத் துளை ஒன்று இருக்கும், அதில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் நீங்களே ஒயரை அறுத்துவிடுவீர்கள்.

வாசிக்க வாசிக்கச் சத்தம் கிழிந்து கரகரத்தால், ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால், அது மறுபடி பேட்டரிதான்.

கோளாறு 3: "ம்ம்ம்" என்று இரைச்சல், அல்லது கையில் சுர்ரென்று இழுப்பு

இழுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. கிட்டார் கையில் இருக்கும்போது மைக்கில் உதடு பட்டுச் சுர்ரென்றால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். நாம் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆலயத்திலும் கடற்கரைப் பந்தலிலும் நிற்கிறோம், காலுக்கடியில் ஈர மணல். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியே எர்த்தோடு சேர்ந்திருக்கும். நம் கிட்டாரில் பெரும்பாலும் கம்பி சேராது, ஆனால் ஜாக்கின் உலோகமும் கேபிள் முனையும் சேர்ந்தே இருக்கும். அதில் கை பட்டாலே போதும்.

டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது, எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரி செய்யும்வரை ஒருவரும் எதையும் தொட வேண்டாம். எரியவில்லை என்பதால் மட்டும் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள், இழுப்பு இருந்தால் அவரைக் கூப்பிட்டே தீர வேண்டும். வாடகை ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி மண்ணில் அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் பல தடவை பதில் "அதெல்லாம் வேண்டாம்ணே" என்பதுதான். இரைச்சல் போவதற்காக மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிடுகிற பழக்கம் உண்டு. அதை யார் செய்தாலும் அந்த மேடையில் ஏறாதீர்கள்.

இழுப்பு இல்லை, வெறும் இரைச்சல்தான் என்றால் நிதானமாகத் தேடலாம். கிட்டாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள்.

இரைச்சல் அப்படியே இருந்தால்: கிட்டாரில் இல்லை. கேபிளை மாற்றுங்கள். சில மைக்செட்களில் ஸ்பீக்கர் ஒயருக்குக் கிட்டார் முனை போட்டு வைத்திருப்பார்கள். அதில் மேலே சுற்றிய கவசக் கம்பி கிடையாது, இரைச்சலை அப்படியே வாங்கிக்கொள்ளும். அடுத்து கேபிள் போகும் வழியைப் பாருங்கள், கரண்ட் ஒயரோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தால் பிரித்துப் போடுங்கள், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும். அதற்கும் போகவில்லையென்றால் பந்தலின் சீரியல் செட்டையும் மேடை லைட்டையும் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லுங்கள். எது அணைந்ததும் இரைச்சல் போகிறதோ அதை வேறு லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இரைச்சல் போய்விட்டால்: கிட்டாருக்குள் இருந்து வருகிறது. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? எர்த் ஒயரின் பற்று விட்டிருக்கிறது, மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

டிஐ பாக்ஸ் (கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) இருந்தால் அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. இரைச்சலுக்கு எர்த்தைப் பிரிக்கும் பத்திரமான வழி அதுதான், பிளக்கின் முள் அல்ல.

கோளாறு 4: ஊளையிடுகிறது

இதற்குத்தான் அதிகம் பேர் என்னிடம் வருகிறார்கள். ஊளையின் குரலைக் கேளுங்கள்: அடித்தொண்டையில் "ஊ..." என்று முழங்கினால் ஒரு வழி, விசில் மாதிரி கீச்சிட்டால் இன்னொரு வழி.

அடித்தொண்டை ஊளை. கிட்டாரின் வயிறும் உள்ளே உள்ள காற்றும் ஸ்பீக்கர் சத்தத்தில் தானே அதிர ஆரம்பிப்பது இது. பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் கிட்டாரில் இது சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், ஆறாம் கம்பியில் மூன்றாவது பிரெட்டைப் பிடித்தால் வரும் ஜி ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில். அந்த ஸ்வரம் வாசிக்கும்போதெல்லாம் ஊளை கிளம்பினால் இதுதான்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். மானிட்டர் ஸ்பீக்கரைப் பார்த்து ஒலித்துளை இருக்கக் கூடாது. கொஞ்சம் திரும்பி, பக்கவாட்டாக நில்லுங்கள். சின்ன மேடையில் இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். இரண்டாவதாக ப்ரீஆம்ப்பில் பேஸைக் குறையுங்கள், மிக்ஸரில் லோ கட் பட்டன் இருந்தால் அழுத்தச் சொல்லுங்கள். அந்தப் பட்டன் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் ஆறாம் கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. மூன்றாவது, ஃபேஸ் என்று ஒரு பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் ஊளை குறைகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்டு நேரம் கடத்த வேண்டாம். நாட்ச் (ஒரு குறிப்பிட்ட ஒலியை மட்டும் வெட்டும் திருகி) இருந்தால் அதை மெதுவாகத் திருகி, ஊளை அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையா? ஒலித்துளையை அடைக்கும் ரப்பர் மூடி வாங்குங்கள். மேடைக்கு நான் செய்த செலவுகளில் இதைப்போலப் பலன் கொடுத்தது வேறெதுவுமில்லை. ஒருநாள் அது வீட்டில் தங்கிவிட்டது. தங்கச்சிமடத்தில் ஒரு ஜெபக்கூட்டம், தகரக் கூரை, பக்கத்தில் இரண்டு பெரிய பேஸ் பெட்டி. பொட்டலம் கட்டி வந்த அட்டையை வட்டமாக வெட்டி, துளைக்கு உள்பக்கமாகச் செருகி டேப் ஒட்டினேன். அசிங்கமாக இருந்தது, ஆனால் இரவு முழுக்க ஊளை வரவில்லை.

கீச்சு விசில். இது பெரும்பாலும் கிட்டார் அல்ல, பாடுகிற மைக். கிட்டார் சேனலை மட்டும் மியூட் செய்து பாருங்கள். விசில் நிற்கவில்லையென்றால் மைக்செட் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் ட்ரெபிளையும் ப்ரெசென்ஸையும் குறையுங்கள்.

கோளாறு 5: ஒரு கம்பி மட்டும் மெலிந்து கேட்கிறது

பிக்கப் இல்லாமல் கேட்டால் எல்லாக் கம்பியும் சமமாக இருக்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றாம் கம்பியோ இரண்டாம் கம்பியோ காணவில்லை. சாடிலின் (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டு) அடிப்பகுதி பிக்கப் பட்டையில் சமமாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஆடி மாதக் கச்சான் காற்றில் வெளியில் வாசித்தவர்களுக்கு இது தெரியும்: நுண்மணல் சாடில் உட்காரும் பள்ளத்துக்குள் புகுந்துவிடும்.

முதலில், கம்பிகளைத் தளர்த்தி அந்த இடத்தில் சாடிலைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மறுபடி சுருதி ஏற்றிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் கம்பிகளை முழுசாகத் தளர்த்தி, சாடிலைத் துணி சுற்றிய குறட்டால் நேர் மேலே இழுத்து எடுங்கள். இடது வலது மாறாமல் பென்சிலால் குறி போடுங்கள். பள்ளத்தை உலர்ந்த பழைய பல் பிரஷால் மென்மையாகத் தட்டிவிடுங்கள், தண்ணீர் கூடாது. அடியில் தெரியும் மெல்லிய பட்டைதான் பிக்கப், அதை நெம்பாதீர்கள், இழுக்காதீர்கள். பட்டை மடிந்தால் வேறு பட்டைதான் வாங்க வேண்டும்.

சாடிலின் அடிப்பக்கம் வளைந்திருந்தால் கண்ணாடியின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். கை பழகாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கொஞ்சம் சாய்வாகத் தேய்த்தாலும் பிரச்சினை வேறு கம்பிக்கு மாறும். நான் முதல் தடவை செய்தபோது இரண்டாம் கம்பியைச் சரி செய்து ஐந்தாம் கம்பியைக் கெடுத்தேன்.

கோளாறு 6: தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது

ப்ரீஆம்ப் உள்ள கிட்டார் என்றால் மிட் திருகியைக் குறையுங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்தது. பேட்டரியே இல்லாத, வெறும் பிக்கப் மட்டும் ஒட்டிய கிட்டாரை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராக மாட்டினால் இப்படித்தான் ஒலிக்கும். ஆக்டிவ் டிஐ பாக்ஸ் வழியாக விடுங்கள், அல்லது மிக்ஸரில் ஹை-இசட் என்று எழுதிய உள்ளீட்டில் மாட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கிட்டார் முனையிலிருந்து மைக் முனைக்கு மாற்றும் கேபிளை மைக் உள்ளீட்டில் செருகும்போது அந்தச் சேனலின் 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக்குக்காக மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்க வேண்டும். போட்டிருந்தால் ப்ரீஆம்ப்பையே கொன்றுவிடலாம்.

கோளாறு 7: சுருதி நிற்கவில்லை, கம்பி உயர்ந்துவிட்டது

ஏசி மண்டபத்தில் சுருதி பார்த்துவிட்டு வெளியே பந்தலுக்கு வந்தால் சுருதி ஓடும். இது கோளாறே இல்லை. உறைக்குள் வைத்தபடி அரைமணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக விடுங்கள். குளிரிலிருந்து நேராக வந்து திறந்தால் கம்பியிலும் ஜாக்கிலும் நீர் பூக்கும், நம் ஊரில் அந்த நீரோடு உப்பும் சேரும்.

அடுத்தது கம்பி. கறுத்து, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் மாற்றுங்கள். 80/20 ப்ரான்ஸ் கம்பி நம் காற்றில் சீக்கிரம் கறுக்கிறது, பாஸ்பர் ப்ரான்ஸ் கொஞ்சம் தாங்கும், மேலே பூச்சு உள்ளவை விலை கூட என்றாலும் அதற்கேற்ற நாள் வரும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைப்பது எல்லாவற்றையும்விட மலிவு. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும், மரத்தில் ஏறினால் போகாது.

கம்பி உயர்ந்து, பிடிக்கவே கை வலிக்கிறதென்றால் பன்னிரண்டாவது பிரெட்டில் அளவு பாருங்கள். ஆறாம் கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஒன்றாம் கம்பிக்கு ஒன்றரை கொஞ்சம் கூட, இது சௌகரியம். ஆறாம் கம்பியை முதல் பிரெட்டிலும் பதினாலாவதிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பாருங்கள்: விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. அதைவிட அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இறுகி மறுத்தால் பலம் காட்டாதீர்கள், சர்வீஸ்காரரிடம் போங்கள்.

கழுத்து சரியாக இருந்தும் கம்பி உயரமா? பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் மரத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், அன்றைக்கே வாசிப்பை நிறுத்துங்கள். ஃபெவிகால், சூப்பர் க்ளூ எதுவும் ஊற்ற வேண்டாம். அப்படி ஊற்றியதைச் சுரண்டி எடுப்பதற்கே சர்வீஸ்காரர் தனியாகக் காசு கேட்பார், கேட்பதும் நியாயம். சித்திரை வெயிலில் காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டு ராமேசுவரம் கோவிலுக்குள் போனவர்கள்தான் இப்படி அதிகம் வந்தார்கள்.

கோளாறு 8: எல்லாம் சரி செய்தும் மாதாமாதம் ஏதாவது வருகிறது

ப்ரீஆம்ப் போர்டும் பிரிட்ஜும் சேர்ந்து போன கிட்டாருக்கு, சர்வீஸ் செலவு வாங்கிய விலையில் பாதியைத் தொட்டால் நான் மாற்றிவிடச் சொல்வேன். புதிது எடுக்கும்போது மேலே பட்ட பாடெல்லாம் உதவும்.

மேடைக்கு மட்டும்தான் என்றால் மெல்லிய உடம்பு எடுங்கள். யமஹாவின் ஏபிஎக்ஸ் வரிசை இந்த ஜாதி. மைக் இல்லாமல் வீட்டில் வாசிக்கும்போது சத்தம் சின்னதாக இருக்கும், ஆனால் ஊளை குறைவு. மேல்பலகை ஒரே மரமாக இருந்தால்தான் உசத்தி என்று கடையில் சொல்வார்கள். வீட்டில், ஸ்டூடியோவில் அது உண்மை. ஐப்பசி மழையிலும் கச்சான் காற்றிலும் வெளியே நிற்கிற கிட்டாருக்கு அடுக்குப் பலகையே நான் எடுப்பேன், அது ஈரத்துக்கு அவ்வளவு ஊதாது. கார்பன் ஃபைபரில் வருவதற்கு ஈரமே ஒரு பொருட்டில்லை, விலையைக் கேட்டால்தான் நமக்கு வியர்க்கும்.

கடைக்கு உங்கள் கேபிளையே எடுத்துப் போங்கள். பேட்டரி மூடி வெளியே இருக்கிறதா, இல்லை கம்பியைத் தளர்த்தித் துளைக்குள் கை விட வேண்டுமா என்று பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாற்ற வேண்டிவரும் பொருள் அது. ஜாக்கில் கேபிளைச் செருகி ஆட்டுங்கள். ஆம்ப்பை நன்றாக ஏற்றச் சொல்லி, அதன் எதிரே உட்கார்ந்து ஆறாம் கம்பியில் அந்த மூன்றாவது பிரெட்டை வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.